கடை கேட்டு வந்த ரத்தம்

அந்தச் சித்திரை மாதப் பகலில் எங்கள் ரத்த வங்கியின் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே வந்தது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்தான். அதற்குப் பின்னால் அதைப் பிடித்திருந்த இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் கழுத்தில் கேமரா தொங்கிய ஒரு போட்டோகிராபர், எல்லோருக்கும் கடைசியாக மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவையில், தலை கொள்ளாத மல்லிகையோடு, பின்னாளில் நான் அக்கா என்று கூப்பிடப்போகிறவள். பேனரில் அவளுடைய படம் ஆளுயரத்துக்கு இருந்தது. திருநங்கைகள் அழகிப் போட்டியில் கலந்துகொள்ளும் திண்டிவனத்து அழகியின் ரத்ததானம் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் கதவு அத்தனை அகலம் கிடையாது. பேனர் மடிந்து, படத்திலிருந்த முகம் மட்டும் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. "பாத்துடா, பாத்துடா, மூஞ்சி கிழிஞ்சிடப் போவுது" என்று நிஜ அக்கா பின்னாலிருந்து கத்தினாள். மேசைக்குப் பின்னால் இருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

விழுப்புரத்தில் அந்த ரத்த வங்கியில் நான் டெக்னீஷியன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலையிலும் சொல்வார்கள். பேனரோடு வருகிற தர்மத்தைக் கண்டால் அது இன்னும் நீளும். தலைவருக்குப் பிறந்தநாள் என்று வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் ஜூஸ் காலி, பிஸ்கட் காலி. ரத்தம் பிடிக்க வைத்திருந்த பைகளும் காலியாகத்தான் இருக்கும். ஊசியைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு முந்தின நாள் காய்ச்சல் ஞாபகத்துக்கு வந்துவிடும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, கேமராவோடு வருகிறவர்கள் யாரும் உருப்படியாக எதையும் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது.

சித்திரை எங்களுக்கு ரத்தப் பஞ்ச மாதம். கல்லூரிகளுக்கு லீவு விட்டுவிடுவார்கள். ரத்தம் கொடுக்கிற பையன்களும் பெண்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். குளிர்பெட்டியில் தட்டுகள் பல்லிளிக்கும். அதே சித்திரையில்தான் கூவாகம் திருவிழாவுக்கு எல்லாத் திசையிலிருந்தும் திருநங்கைகள் வந்து விழுப்புரத்தில் இறங்குவார்கள். லாட்ஜுகளில் இடம் இருக்காது, பூக்கடைகளில் பூ இருக்காது. திருவிழாவுக்கு முன்னால் ஊருக்குள் அழகிப் போட்டிகள் நடக்கும். அந்த வருஷம் ஒரு போட்டியை நடத்தியவர்கள், மேடையில் நடப்பதற்கும் பேசுவதற்கும் மட்டுமல்லாமல் சமூக சேவைக்கும் மார்க் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஊரெல்லாம் ஒரே சேவை. ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள், ஒருத்தி மரக்கன்று நட்டாள், ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் மோர்ப்பந்தல் வைத்தாள். அக்கா என்னிடம் வந்தாள்.

அன்றைக்கு எங்கள் வாசல் பெஞ்சில் காலையிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்டாச்சிபுரம் பக்கத்து ஊர். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவதற்கும் களை எடுப்பதற்கும் போகிற கூலிக்காரி. புருஷன் புதுச்சேரியில் கட்டட வேலை. அவர்களுடைய மூன்று வயசுப் பெண் குழந்தைக்குத் தலசீமியா. உடம்பு தானாக ரத்தம் ஊற வைக்காது. மாதா மாதம் யாருடைய ரத்தத்தையாவது ஏற்றினால்தான் குழந்தை எழுந்து நடக்கும், சோறு தின்னும், சிரிக்கும். ஏற்றாவிட்டால் வெளுத்துப்போய்த் துவண்டு விழும். அதிலும் அந்தக் குழந்தைக்கு பி நெகட்டிவ். எங்கள் பக்கத்தில் அந்த குரூப் லேசில் கிடைக்காது. குழந்தை வார்டில் படுத்திருந்தது. என்னிடம் ஒரு பை இல்லை. அந்தப் பெண் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

வழக்கமாகக் கேள்விகளெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சோதனை செய்வோம். அன்றைக்கு இந்தக் கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்ற அவசரத்தில் அக்காவின் விரலை முதலில் குத்திவிட்டேன். சோதனை ஓட்டில் மூன்று துளி வைத்து, மருந்து விட்டுக் கலக்கினேன். நடுத்துளி மட்டும் திரிந்தது. மற்ற இரண்டும் அப்படியே நின்றன. மறுபடியும் செய்து பார்த்தேன். பி நெகட்டிவ். நான் அந்த இடத்தில் என்ன செய்தேன் என்றால், ஓடிப்போய் வாசலில் இருந்த பெண்ணிடம் "கெடைச்சிடுச்சும்மா!" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

திரும்பி உள்ளே வந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினார். யார் யாரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது அதில் வரிசையாக இருந்தது. திருநங்கைகளிடம் எடுக்கக் கூடாது என்பதும் இருந்தது. எங்கள் டாக்டர் போட்ட விதி அல்ல, மேலேயிருந்து வந்தது. அந்த வரிக்கு அதுவரை எங்கள் இடத்தில் வேலையே வந்ததில்லை.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் அட்டைக்கு முன்னால் போய் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. "அப்போ எனக்கு மார்க் கெடையாதா மேடம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே ஒரு தாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவளுக்கு மார்க் கேட்கிறது. "மார்க் வேணும்னா நோட்டுப் புக்கு குடுத்திருக்கணும்" என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் அதற்கும் கோபப்படவில்லை. "நோட்டு வாங்க காசு வேணும். மரக்கன்னு வாங்கவும் காசு வேணும். ரத்தம்னா கையிலியே இருக்குது, யாரையும் கேக்க வேணாம்னுதான் இங்க வந்தேன்" என்றாள்.

அதற்குள் அந்தத் தாய் பொறுக்கமுடியாமல் உள்ளே வந்துவிட்டாள். யார் கொடுக்கப்போகிறார்கள் என்று கண்ணால் தேடி, பட்டுப்புடவையைப் பார்த்து, நேரே போய் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எம்மா, நீ நல்லா இருப்பம்மா, எம் புள்ளய எழுப்பி வுட்டுடும்மா" என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரத் தயங்குகிற ஊர் இது. அக்காவின் கையை அப்படி யாராவது பிடித்து எத்தனை காலமாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் பூசியிருந்த பவுடரைத் தாண்டி என்னவோ ஆனது. "என்னுத எடுக்க மாட்டாங்களாம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். "ஏன்?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார், நான் மேசையிலிருந்த ஓட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

அக்கா பேனரைச் சுருட்டச் சொன்னாள். போட்டோகிராபரிடம் "நீ போய்ட்டு வா தம்பி" என்றாள். அவளும் போய்விட்டாள். கேமராவுக்கு வேலை இல்லையென்றால் இவர்களுக்கும் இங்கே வேலை இல்லை என்று நான் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஓர் ஆட்டோ வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டு ஸ்வீட் ஸ்டால்காரரை அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கைலியும் பனியனும், கையெல்லாம் ஜாங்கிரிப் பாகு. "இவனுக்கு அதே குரூப்பு. லைசென்சுல போட்டிருக்குது, நானே பாத்தேன்" என்றாள். அவருக்கோ ஊசி என்றால் உயிர்பயம். "யக்கா, கடையில ஆள் இல்லக்கா, எண்ண காஞ்சிக்கினு இருக்குதுக்கா" என்று வாசல்படியிலேயே கெஞ்சினார். "அடுப்ப அணச்சிட்டுத்தான் வந்த. படு" என்றாள் அக்கா. ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மனைக் கூப்பிட்டார். அக்கா பக்கத்தில் நின்று அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். சோதனைகள் எல்லாம் முடிந்து அந்த ரத்தம் குழந்தைக்கு ஏறியது. மறுநாள் காலையில் குழந்தை பொரை பிஸ்கட் கேட்டு அழுததாக அதன் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதற்கு விடை அவளுடைய தொழிலில் இருந்தது. அவர்கள் கடை கேட்பார்கள். வாரத்தில் ஒரு நாள் கடை கடையாக ஏறிக் கையைத் தட்டி, கல்லாவுக்கு எதிரே நின்று, கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு, கடைக்காரரின் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு அடுத்த படி ஏறுவார்கள். அக்காவுக்குத் திண்டிவனத்தில் வெள்ளிக்கிழமை, விழுப்புரத்தில் செவ்வாய்க்கிழமை. சில பேர் பயந்து கொடுப்பார்கள், சில பேர் திட்டிக் கொடுப்பார்கள், சில பேர் முதல் வியாபாரம் நன்றாக நடக்கும் என்று நம்பிக் கொடுப்பார்கள். எப்படியானாலும் அந்த இரண்டு ஊர் கடைத்தெருவிலும் அவளுக்குத் தெரியாத முகம் கிடையாது. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் கல்லாவுக்கு எதிரே நின்று கேட்டது வேறு. "காசு கெடக்கட்டும். உன் குரூப்பு இன்னா?"

கடைக்காரர்களுக்கு அது பெரிய பேஜாராகிவிட்டது. பத்து ரூபாயைப் போட்டு அனுப்புகிற மாதிரி இதில் தப்பிக்க முடியாது. தெரியாது என்றால், "அப்போ வா, அந்த மேடம் விரல்ல குத்திப் பாத்துச் சொல்லும்" என்று நின்ற இடத்திலேயே நிற்பாள். வாழ்த்தாமல் போய்விடுவேன் என்று மிரட்டுவாள். வாழ்த்து இல்லாமல் போனால் வியாபாரம் படுத்துவிடுமே என்ற பயத்திலேயே சில பேர் என்னிடம் வந்து விரலை நீட்டியிருக்கிறார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கு விடுகிற ஸ்பெஷல் பஸ்களின் கண்டக்டர்களைக்கூட அவள் விடவில்லை. ஒரு முறை கொடுத்தவரிடம் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எடுக்கலாம் என்று நான் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு பரோட்டா மாஸ்டர், ஒரு செல்போன் ரிப்பேர்க்காரர், கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரி கம்பெனிக்குப் போய்வருகிற ஒரு பையன், அந்த ஸ்வீட் ஸ்டால்காரர் என்று பி நெகட்டிவ் ஆட்களை முறைபோட்டு மாதத்துக்கு ஒருவராகக் கொண்டுவந்து விட்டாள். எல்லாவற்றையும் மனசிலேயே வைத்திருந்தாள். யாருக்குக் கல்யாணம், யார் குடித்திருக்கிறான், யாருக்கு மஞ்சள்காமாலை வந்துபோனது என்பது வரைக்கும் தெரியும்.

குழந்தை தேறியது. அதன் அம்மாவுக்கும் பயம் தெளிந்து பேச்சு வந்தது. ஒருநாள் குழந்தை பரோட்டாதான் வேண்டும் என்று அடம் பிடித்தபோது, "இன்னா பண்றது மேடம், இது ஒடம்புல ஓடறது எங்க ரத்தமா? பாதி விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு" என்றாள். அக்கா அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பரோட்டா மாஸ்டர் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

இத்தனைக்கும் அக்கா பேனர் புத்தியை விட்டுவிடவில்லை. ரத்தம் கொடுக்கிற ஒவ்வொருவரோடும் செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவாள். எடுப்பதற்கு முன்னால் என்னிடமே கண்ணாடி வாங்கி லிப்ஸ்டிக் சரிசெய்வாள். முதல் வருஷப் போட்டியில் ஆரம்பத்திலேயே வெளியே வந்துவிட்டாள். அடுத்த வருஷம் ஜெயித்தே தீர்வேன் என்று சுற்றிக்கொண்டிருந்தாள். "எல்லாம் கிரீடத்துக்காகத்தான்" என்று எங்கள் நர்ஸ் சொல்வாள். எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. ஒருநாள் அவளிடமே, "போன வருஷம் நோட்டுப் புக்கு குடுத்த உன் கூட்டாளி அப்புறம் அந்த ஸ்கூல் பக்கம் எட்டிப் பாத்துதா?" என்று சீண்டினேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "அவள இன்னாத்துக்குத் திட்ற? போட்டோவுக்குக் குடுத்தாலும் நோட்டு நோட்டுதான். எழுதினா எழுதும்" என்றாள்.

நான் அடுத்த ஆளின் விரலைக் குத்தப் போனேன்.

அவளுக்கு அந்தக் கிரீடம் ஏன் வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒளித்துப் பேசுகிறவள் இல்லை. "பட்டம் கெடைச்சா பேப்பர்ல வரும். எவனாச்சும் ஒரு வேல குடுப்பான். துணிக்கடையில நிக்கறதோ, விளம்பரத்துல வர்றதோ. கடை கேக்கறத விட்டுடலாம்" என்பாள். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே என்னைத் தொல்லைப்படுத்தினாள். கேள்வி கேட்கிற சுற்றில் நல்ல தமிழில் பேசவேண்டுமாம். இளைப்பாறும் நேரத்திலெல்லாம் நான் நடுவர், அவள் அழகி. பட்டம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். கல்வி, வேலைவாய்ப்பு, விழிப்புணர்வு என்று கைகளைக் கோத்துக்கொண்டு கடகடவென்று சொல்வாள். மேடையில் கைதட்டக் கூடாது என்று போட்டியாளர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கடைத்தெருவில் தட்டுகிற அந்தத் தட்டு, உள்ளங்கையோடு உள்ளங்கை குறுக்கே மோதுகிற அந்த ஓசை, கேட்டாலே ஜனங்கள் கேலி பண்ணுவார்கள், தட்டினால் மார்க் போய்விடும் என்று. அதனால் பயிற்சியின்போது அவள் கை தன்னால் எழும்பும், நான் அதட்டுவேன், இறக்கிக்கொள்வாள்.

போட்டி நாளன்று குழந்தைக்கு ரத்தம் ஏற்றவேண்டிய முறை வந்துவிட்டது. பரோட்டா மாஸ்டர் கோயில் திருவிழா என்று சொந்த ஊருக்குப் போய்விட்டார். ஸ்வீட் ஸ்டால்காரர் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செல்போன்காரருக்குக் காய்ச்சல், கம்பெனிப் பையன் வெளியூரில் வேலையாக இருந்தான். பக்கத்து ஊர் ரத்த வங்கிகளிலும் சித்திரைப் பஞ்சம்தான். இந்த முறை குழந்தை ரொம்பவே இறங்கியிருந்தது. கண்ணைத் திறக்கவே கஷ்டப்பட்டது. டாக்டர் முகம் சரியில்லை. அதன் அம்மா பழையபடி அந்த வாசல் பெஞ்சுக்குத் திரும்பியிருந்தாள். காலையிலிருந்து அக்காவுக்கு போன் போட்டேன். போட்டியாளர்களின் போனையெல்லாம் வாங்கி வைத்துவிட்டார்களாம். வேலை முடிந்ததும் நேரே போட்டி நடந்த திடலுக்குப் போனேன்.

மேடைக்குப் பின்னால் தட்டியடைத்த இடத்தில் அவளைப் பார்த்தேன். பச்சைப் பட்டு, காதை இழுக்கிற ஜிமிக்கி. நிஜமாகவே அழகாக இருந்தாள். இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக் குதித்தாள். அந்த நேரத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். வேறு யாரிடம் சொல்வது? "யாரும் கெடைக்கலக்கா. இன்னிக்கே வேணும்னு டாக்டர் சொல்றாரு" என்றேன். அக்கா கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "நீ போய் முன்னாடி உக்காரு தங்கச்சி" என்றாள். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

இறுதிச் சுற்றுப் பெண்கள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்தார்கள். சின்னத்திரையில் நடிக்கிற ஓர் அம்மாள் நடுவர். பட்டம் கிடைத்தால் சமூகத்துக்கு என்ன செய்வீர்கள் என்று எல்லோரிடமும் ஒரே கேள்வி. முதியோருக்கு இல்லம் கட்டுவேன் என்றாள் ஒருத்தி. ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைப்பேன் என்றாள் இன்னொருத்தி. கைதட்டல், விசில். அக்கா வந்தாள். நாங்கள் பழகிவைத்த மாதிரியே கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். நான் மனசுக்குள் கல்வி, வேலைவாய்ப்பு என்று முணுமுணுத்தேன். அவள் கோத்த கைகளைப் பிரித்தாள். மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, கடைத்தெருவில் தட்டுவதுபோல, இரண்டு முறை தட்டினாள். திடல் அதிர்ந்தது. சில பேர் ஓவென்று கத்திச் சிரித்தார்கள்.

"பட்டம் குடுத்தா இன்னா செய்வேன்றது அப்புறம் இருக்கட்டும்ங்க. ஊரே இங்க உக்காந்துக்கினு இருக்கீங்க. பி நெகட்டிவ் யாராச்சும் இருந்தா எழுந்திரிங்க. கண்டாச்சிபுரத்துக் கொழந்த ஒண்ணு ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்குது. எனக்கும் அதே ரத்தம்தான். என்னுத எடுக்க மாட்டாங்க. உங்களுது எடுப்பாங்க. ஜல்தி எழுந்திரிங்க."

சிரிப்பு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவர், நேரம் முடிந்தது என்று மைக்கை வாங்க வந்தார். அக்கா கொடுக்கவில்லை. இன்னொரு முறை தட்டினாள். அப்போது மேடைக்கு ஓரத்தில் பாதுகாப்புக்கு நின்றிருந்த ஒரு பெண் போலீஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு பி நெகட்டிவ்தான்" என்றாள். பஸ் ஸ்டாண்டில் அக்கா கூட்டத்தை லத்தியால் விரட்டுகிறவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி என்று பின்னால் அக்கா சொன்னாள். அவளுடைய இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்து, தன் ஜீப்பிலேயே எங்களை அனுப்பிவைத்தார். நான் எழுந்து ஓடும்போது எனக்குப் பின்வரிசையில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "நல்லாத்தான் டிராமா போடுது, மார்க்குக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஜீப் நின்றுகொண்டிருந்தது.

குழந்தை பிழைத்தது. பரிசு வாங்கிய மூவரில் அக்கா இல்லை. மேடை ஒழுங்கை மீறியதற்கு மார்க் குறைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் காலையில் குழந்தையின் அம்மாவுக்கு இட்லிப் பொட்டலத்தோடு வந்தாள். மை கலைந்து கண் இரண்டும் வீங்கியிருந்தது. இரவு முழுக்க அழுதிருக்கிறாள். யாரும் இல்லாதபோது நான் கேட்டேவிட்டேன். "உண்மையச் சொல்லுக்கா. நேத்து மேடையில கேட்டது கொழந்தைக்கா, கிரீடத்துக்கா?"

"ரெண்டுக்குந்தான்" என்றாள் உடனே. "இப்படிக் கேட்டா ஜனம் கைதட்டும், கிரீடமும் எனக்கே வரும்னு ஒரு மனசு நெனைச்சுது. வரலன்னாலும் கேளுடின்னு ஒரு மனசு சொல்லிச்சு. எந்த மனசு மொதல்ல பேசிச்சுன்னு எனக்கே தெரியாது. ஆசப்பட்டுக்கினே நல்லது செய்யக் கூடாதா தங்கச்சி? ஆச இல்லாம செய்ய நான் இன்னா சாமியா?" அப்புறம், "கிரீடம் வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

அந்தக் குழந்தை இப்போது ஆறாம் வகுப்பு. இன்னமும் மாதா மாதம் வருகிறாள். ஊசி ஏறும்போது அழுவதில்லை, யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். அக்கா இன்றைக்கும் கடைதான் கேட்கிறாள். எந்த வேலையும் அவளுக்கு வரவில்லை. போட்டிக்கு வருகிற இளசுகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கிறாள், பதில் சொல்லிக்கொடுக்கிறாள். சித்திரை வந்தால் அவர்களில் ஒருத்தி பேனரோடு என் கதவுக்கு வருவாள். நான் அட்டையைக் காட்டவேண்டியிருக்கும். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பெண்களின் முகம் வாடுவதைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, சட்டம் போட்டவள் நானல்ல என்றாலும். முன்பு மாதிரி நான் கேமராவைப் பார்த்து நக்கலடிப்பதில்லை. உட்காரச் சொல்லி, கடைத்தெருவில் யாரைத் தெரியும் என்று கேட்கிறேன்.

போன மாதம் அக்கா ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்தாள். எல்லோரும் கொடுத்துவிட்டு, ஜூஸ் குடித்துவிட்டுப் போன பிறகு, காலியாக இருந்த கட்டிலில் போய் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் படுத்தாள். இத்தனை வருஷத்தில் அதில் அவள் படுத்ததே இல்லை. முடியில் நரை ஓடியிருந்தது. வலது கையை நீட்டி, "ஊசி வேணாம். அந்தப் பட்டைய மட்டும் ஒரு தபா கட்டேன், எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்" என்றாள். நான் புஜத்தில் பட்டையைக் கட்டி, அமுக்குகிற பந்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அமுக்கினாள். முழங்கை மடிப்பில் நரம்பு திடமாக, நேராக எழுந்து நின்றது. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அப்படி ஒன்று அமைவது அபூர்வம். விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"நல்ல நரம்புக்கா" என்றேன்.

"அழகா இருக்குதா?"

"ரொம்ப அழகா இருக்குது."

அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போதும் என்று சொல்கிற வரைக்கும் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தாள். நான் ரொம்ப நேரம் அதைச் சொல்லவில்லை.